இடது காதின் பரிசோதனை

சில மாதங்களாகப் புதுச்சேரி என்னை மையமாக வைத்துச் சுழன்றுகொண்டிருந்தது. கடற்கரைச் சாலை எழுந்து நின்றது, கடல் தலைமேல் கவிழ்ந்தது.

இந்த ஊரில் ஒருவன் தள்ளாடினால் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எந்தக் கடை என்றுதான் கேட்பார்கள். என் மனைவியே தினமும் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தாள். ஒரு டாக்டர் பித்தம் என்றார், இன்னொருவர் கழுத்தெலும்பு என்றார்.

இன்று காது டாக்டரிடம் போனோம். பரிசோதிக்கும் பெண் என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதில் வெளுத்துக் கட்டினேன். இடது காதுக்காக, போருக்குக் காத்திருக்கும் தளபதியைப் போல விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"எப்பம்மா ஆரம்பிப்ப?"

"முடிச்சிட்டேன் சார்."

அண்டசராசரம் ஆடியபோது பயப்படாதவன், அப்போது பயந்தேன்.

டாக்டர் சொன்னார்: "தலை சுத்தறதும் காது கேக்காததும் ஒரே வியாதிதான். மெனியர்னு பேரு. உள்காதுல நீர் அழுத்தம். உப்பைக் குறைங்க. போனது திரும்புமான்னு சொல்ல முடியாது. வலது காதையும் பாத்துக்கணும்."

பிரெஞ்சுப் பெயராம். ஊரைவிட்டுப் போனவர்கள் என் காதில் கொடியேற்றியிருக்கிறார்கள்.

"அப்ப இவரு குடிக்கலையா?" என்றாள் மனைவி, சற்று ஏமாற்றத்தோடு.

ஆட்டோவில் என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். மூலக்குளத்தில் எங்கள் வீடு வரும்வரை அவள் வாயே திறக்கவில்லை என்று நினைத்தேன். ஆட்டோ குலுங்கியதில் என் தலை மட்டும் ஆடிக்கொண்டே வந்தது.

இறங்கியதும் சொன்னாள்: "எல்லாத்துக்கும் சரின்னு தலையாட்டிட்டீங்க. நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது."

எதற்குச் சம்மதித்தேன் என்று ஊகிக்க முடிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். எழுத்தில்.