பறந்த கார் எஞ்சினும் ஒழுகிய விமான எஞ்சினும்

எஞ்சின் திருத்தும் தொழிலில் ஒரு வசதி உண்டு: எது பிழைத்தாலும் பழியை முந்தித் திருத்தியவன் மேல் போட்டுவிடலாம். டென்மார்க்கில் நான் பார்த்த எஞ்சினை முந்தித் திருத்தியவர்கள் எல்லாரும் செத்துப் போயிருந்தார்கள். மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. காரைக் கராஜில் விட்டுவிட்டு, "இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ" என்ற பதிலோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்த என் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

பத்து வயது வரை தமிழிலும் பிறகு டேனிஷிலும் படித்தவன் நான். ஐம்பதை நெருங்கும் நேரத்தில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து இருக்கிறேன். இந்தக் கதைகள் ஊரில் போர் முடிந்த வருஷத்தவை. டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊருக்குப் பக்கத்தில் புல்தரை ஓடுபாதையும் ஒரு தகரக் கொட்டகையுமாக ஒரு சின்ன விமானத் திடல். சொந்தக்காரர் ஹென்னிங். வேலைக்கு நாங்கள் இரண்டு தமிழர். பந்தய விமானமும் இரண்டு. ஒன்றில் உலகப் போர் முடிகிற காலத்துப் பெரிய விமான எஞ்சின். அது என் பொறுப்பு, ஓட்டுவது ஹென்னிங். மற்றதில் காரிலிருந்து கழற்றி மாற்றியமைத்த எஞ்சின்; அது மன்னார் செபமாலை அண்ணையின் பொறுப்பு, ஓட்டுவது வைலே நகரத்தில் பல் வைத்தியம் பார்க்கும் கியர்ஸ்டன்.

அந்த வருஷம் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஊரில் யார் மிஞ்சினார்கள் என்ற ஒரே கதைதான். அதைக் கதைக்கத் தாங்காமல்தான் நானும் அண்ணையும் எது நல்ல எஞ்சின் என்று நாள் முழுக்கச் சண்டை பிடித்தோம்.

கேக்கோடு வந்த செய்தி

டென்மார்க்கில் கெட்ட செய்தி வெறுங்கையோடு வராது. ஒரு வெள்ளிக்கிழமை கோப்பி நேரத்தில் ஹென்னிங் கறுவா போட்ட கேக் ஒன்றை வெட்டி வைத்ததும் அண்ணை என் காதில், "தம்பி, ஆரோ துலைஞ்சான்" என்றார். அப்படியே ஆயிற்று. இலையுதிர் காலத்தில் கொட்டகையில் பாதி வேறு ஒரு விமானக் கழகத்துக்கு வாடகைக்குப் போகிறதாம். இனி ஒரு வேலை மேசைக்குத்தான் இடம், ஒரு ஆளுக்குத்தான் வேலை. கோடைப் பந்தயத்தில் எந்த விமானம் முன்னுக்கு வருகிறதோ அந்த எஞ்சினோடு தொடர்வோம் என்று ஹென்னிங் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்.

அண்ணை இங்கே வருவதற்கு முன் பல வருஷம் பன்றி வெட்டும் ஃபக்டரியின் குளிர் அறையில் நின்றவர். இன்னமும் விரலை மடக்கினால் நோகும். கேக்கைத் தின்று முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ வெண்டா நான் திரும்பப் பண்டிக்குப் போகவேணும். அதுக்காக நீ தோக்கவேண்டாம் தம்பி. சும்மா யோசிச்சுப் பார் எண்டுதான் சொல்லுறன்."

எண்ணெய்த் தட்டு

என் எஞ்சினுக்கு ஏழு சிலிண்டர். பூவிதழ் மாதிரி வட்டமாக நிற்கும். இரவு நிற்கையில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே ஏதாவது வளைந்து தொலையும். ஆகவே காலையில் வந்ததும் முதல் வேலை, புரொப்பெல்லரைக் கையால் பிடித்து ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றுவது. ஆனால் அதன் பெருமையைச் சொல்ல எனக்கு வாய் ஓயாது. மெதுவாகச் சுற்றும், ஆனால் மலையையே இழுக்கும். சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

அண்ணை எஞ்சினுக்குக் கீழே பார்த்தார். நான் வைத்திருந்த தட்டு எண்ணெயால் நிரம்பியிருந்தது. "இது போரையே கண்ட எஞ்சின் அண்ணை, மரியாதையாப் பாருங்கோ" என்றேன். வன்னியிலிருந்து முகாமுக்கு வந்த சனத்தில் அவருடைய அக்கா இருக்கிறாவா என்று அப்போது இன்னும் தெரியவில்லை. அவர் தட்டைக் காலால் நேராக நகர்த்தி வைத்தார்.

"போரில மிஞ்சினது எல்லாம் இப்பிடித்தான் தம்பி. எங்கையாவது ஒரு இடத்தால ஒழுகிக்கொண்டே இருக்கும்."

பல் வைத்தியரின் காது

கார் எஞ்சினுக்குப் பலம் வேகத்தில்தான். என்னுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகச் சுற்றினால்தான் அது ஏதாவது தரும். அந்த வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றினால் காற்றைப் பிடிக்காது, கத்தும். எனவே நடுவில் ஒரு றப்பர் பெல்ட் பட்டி போட்டு வேகத்தைக் குறைக்கவேண்டும். அண்ணை அந்தப் பட்டியைப் பிள்ளையைப்போலப் பார்த்தார். நான் விடுவேனா? "அண்ணை, இது பிள்ளையளப் பள்ளிக்கூடத்தில இறக்கிவிட்டுட்டு வாற எஞ்சின். ஆயுளில ஒருநாளாவது முழு மூச்சில ஓடியிருக்குமே? பந்தயத்தில தொடக்கம் முதல் முடிவு வரைக்கும் முழு மூச்சு." "உன்ர யானை திரும்பிறதுக்குள்ள என்ர ஆடு புல்லு மேஞ்சிட்டு வந்திடும்" என்பார் அவர்.

முதன்முதலாக முழு வேகத்தில் சோதித்த நாள் கியர்ஸ்டனும் வந்திருந்தார். கீச்சென்ற சத்தம் தகரக் கூரையில் பட்டு எங்கள் மண்டைக்குள் இறங்கியது. அண்ணை பெருமையோடு எஞ்சினை நிறுத்திவிட்டு, எப்படி என்று கேட்டார். கியர்ஸ்டன் காதில் இருந்த பஞ்சை எடுத்தார்.

"அருமை. ஆனால் என் கிளினிக் பக்கம் மட்டும் இதைக் கொண்டுவர வேண்டாம். ஒரு நோயாளியும் வாய் திறக்க மாட்டார்."

தீர்த்தம்

பந்தயத்துக்கு முதல்நாள் அண்ணை கோயிலில் இருந்து ஒரு சின்னப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டுத் தன் எஞ்சினில் தெளிக்கப் போனவரை நான் பாய்ந்து பிடித்தேன். "அண்ணை, அதில கொம்பியூட்டர் இருக்கு! அது நனைஞ்சா அந்தோனியாரே வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது." அவர் யோசித்துவிட்டு வால் பக்கமாகப் போய் அங்கே இரண்டு சொட்டு விட்டார். பிறகு போத்தலோடு என் விமானத்துக்கு வந்து, மிச்சத்தை முழுதாக என் எஞ்சினில் தெளித்தார்.

"பயப்பிடாதை, வெல்லச் சொல்லிக் கேக்கேல்லை. பத்திரமா இறங்கினாக் காணும் எண்டுதான் கேட்டனான்."

மாம்பழப் பெட்டி

டென்மார்க்கின் யூலன்ட் பக்கம் கார் ஓடியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். குளிர்காலத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெட்டி மட்டையைச் செருகிவிட்டால் காற்று உள்ளே போகாது, எஞ்சின் கெதியில் சூடாகும், கார் ஓட்டுகிறவனின் காலும் விறைக்காது. பந்தயத்தன்று கோடை என்று பெயர்தான், காலையில் ஊசிக் காற்று. எஞ்சின் சூடாகவில்லை என்று அண்ணை மாம்பழப் பெட்டி ஒன்றைக் கிழித்து ரேடியேட்டர் வாயில் பாதியை மூடினார். அந்த நேரம் பார்த்து ஹென்னிங் எல்லாரையும் கோப்பிக்குக் கூப்பிட்டார். மட்டை மறந்துபோயிற்று.

விமானங்கள் கிளம்பிய பிறகுதான் அண்ணை கிழிந்த பெட்டியின் மற்றப் பாதியைக் கண்டார். மட்டை கியர்ஸ்டனோடு போய்விட்டது. மேலே என் யானை நேர்ப்பாதையில் எல்லாரையும் விழுங்கியது; பந்தய வழியைக் காட்ட நட்ட கம்பத்தில் திரும்பும்போது பஸ்போல அகலமாகப் போனது. கார் எஞ்சின் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே வெட்டிக்கொண்டு வந்தது. நேரிலும் அது பின்தங்கவில்லை! ரேடியேட்டர் வாய்தான் காற்றை முட்டி வேகத்தைத் தின்னும் இடம். பாதி வாயை மட்டை மூடியிருந்ததால் விமானம் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே எஞ்சின் வெந்துகொண்டிருந்தது. அண்ணை எல்லாப் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டார். கடைசிக் கம்பத்தில் உள்ளே புகுந்த கியர்ஸ்டன், மூக்கு நீளத்தில் ஹென்னிங்கை முந்தி, புட்டு அவிக்கிற பானைபோல ஆவி விட்டுக்கொண்டு இறங்கினார். சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தாண்டியும் ஏன் நிறுத்தவில்லை என்று நான் கேட்டேன்.

"நாள் முழுக்க நோயாளிகளுக்கு 'இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்' என்றுதானே சொல்கிறேன். இன்றைக்கு எஞ்சினுக்குச் சொன்னேன்."

அண்ணையின் வாக்குமூலம்

அண்ணைக்கு அந்த வெற்றி செமிக்கவில்லை. மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஹென்னிங்கிடம் போனார். போகாதேங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவர் உண்மையைச் சொன்னால் என் வேலை மிஞ்சும் என்ற நப்பாசையும் இல்லாமல் இல்லை. தான் மறந்துபோனதையும், மறதியால்தான் வென்றதையும், எஞ்சின் உருகியிருந்தால் கியர்ஸ்டனின் கதி என்ன என்பதையும் உடைந்த டேனிஷில் ஒன்றும் விடாமல் சொன்னார். ஹென்னிங் மட்டையை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மாம்பழப் படம். இனிமேல் பறக்க முன் இரண்டு பேர் சுற்றிவந்து பார்க்கவேண்டும் என்றார். பிறகு அதை அண்ணையின் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டினார்.

"இந்த மட்டை உன் விமானத்தில்தானே இருந்தது? என்னுடையதில் இருக்கவில்லையே."

சப்பாத்து

அடுத்த வெள்ளிக்கிழமை கேக் எனக்காக வெட்டப்பட்டது. பெரிய துண்டு. அந்தப் பக்கத்தில் உடனே கிடைக்கக்கூடிய வேலை எது என்பது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். கொட்டகை வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஃபக்டரியில என்ர றப்பர் சப்பாத்து இன்னும் கிடக்கும் தம்பி. இடதுகால் கொஞ்சம் தண்ணி ஏறும், ரெண்டு கால்மேசு போடு."

பெரியதன் பக்கம் நின்றால் பிழைப்பு உறுதி என்று நம்பியிருந்ததை, பன்றித் தொடையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு குளிர்காலம் முழுக்க நான் மறுபரிசீலனை செய்தேன்.