மாமா போட்ட இஃப்

எங்க அக்கா வீட்டுக்காரரும் நானும் ஒரே ஆபீஸ். ஜாவாங்கிற கம்ப்யூட்டர் மொழியில வலைத்தளம் கட்டுறதுதான் பிழைப்பு. மனுஷன் தங்கம், யாரோடயும் மல்லுக்கு நிக்க மாட்டார். பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா ஆளுக்கொரு ரூம்ல விட்டுக் கதவைச் சாத்திடுவார். புரோகிராம்லயும் அதே கதைதான். எங்கயாவது நல் பாயிண்டர்னு, அதாவது ஒரு பொருள் இருக்க வேண்டிய இடம் காலின்னு, பிழை வந்தா, 'காலியா இருந்தா தாண்டிப் போ'ன்னு ஒரு இஃப் போட்டு அது வாயை அடைச்சுடுவார். திட்டினா, "ஓடுதில்ல, அப்புறம் என்ன"ம்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அக்கா ரொம்ப வருஷம் கழிச்சு மறுபடி டீச்சர் வேலைக்கு ஒரு பள்ளிக்கூடத்துல விண்ணப்பிச்சிருந்தா. அதுக்கு ஆள் எடுக்கிற தளம் நாங்க கட்டினதுதான். இன்டர்வியூ அழைப்பு மெயில்ல வரணும். வரவே இல்ல. இஸ்திரி போட்டு வச்ச துணியை அக்கா திரும்பப் பெட்டிக்குள்ள வச்சுட்டா. "போனாப் போகுது விடு"ன்னார் மாமா.

மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆபீசுக்குப் போன். "நாளைக்கு இன்டர்வியூ. ஒருத்தர்கூட வர்றேன்னு பதில் போடலையே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க திரையில 'அனுப்பியாச்சு'ன்னுதான் இருக்கு. தோண்டினேன்.

எங்க தளத்துக்கு அஸ்திவாரம் ஃப்ரேம்வொர்க்னு ஒரு ரெடிமேட் புரோகிராம். வேலை செய்ய அது உருவாக்குற ஒவ்வொரு ஆளுக்கும், அதாவது ஆப்ஜெக்டுக்கும், வேண்டியதையெல்லாம் அதுவே கையில கொடுத்துடும். மாமா அவசரத்துல 'நியூ'ங்கிற கட்டளை போட்டு அவரே ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கிட்டார். ஃப்ரேம்வொர்க்குக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியாத ஆளுக்கு யார் சாமான் கொடுப்பா? மெயில் அனுப்புற சர்வீஸ் இருக்க வேண்டிய இடம் காலி. அதுக்கு மேல மாமாவோட இஃப். மெயிலை அனுப்பாமலே தாண்டிப் போய், 'அனுப்பியாச்சு'ன்னு எழுதி வச்சிருக்கு புரோகிராம்.

"மாமா, இங்க வாங்க."

பார்த்தார். முகம் செத்துப்போச்சு. நியூவைத் தூக்கிட்டு, அந்த ஆப்ஜெக்டை ஃப்ரேம்வொர்க்கிட்டயே ஒப்படைச்சார். இஃப்பையும் அவரே அழிச்சார். மெயில் எல்லாருக்கும் போச்சு, அக்காவுக்கும்.

"நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லிடலாமா உங்க அக்காகிட்ட?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

பெருமூச்சு விட்டுட்டுப் போனை எடுத்தார். "இப்போ ஒரு மெயில் வந்திருக்கும் பாரு. அது முன்னாடியே வந்திருக்கணும். உன்மேல ஒரு குறையும் இல்ல, என் தப்பாலதான் வரல."

அந்தப் பக்கம் அக்கா பேசினது எனக்கே கேட்டுச்சு.

"நான் எதுக்கும் லாயக்கில்லன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் அழுதேன். பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?"

மாமா யார்கிட்டயும் லீவுகூடச் சொல்லாம, வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டார்.