டச்பேடுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை

எனக்கு நாற்பத்தாறு வயது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேமில் வாள் சுழற்றுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மனைவி பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

என்னோடு சேர்ந்து ஆடுகிறவள் என் தங்கை. அரியலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் அங்கே, நான் இங்கே. இரண்டு பேரும் இன்டர்நெட் வழியாக ஒரே காட்டுக்குள் போவோம். அந்த ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. கையில் பிடிக்கிற கன்ட்ரோலரின் நடுவில் டச்பேடு என்று தட்டையாக ஒரு பரப்பு இருக்கும். அதில் கட்டைவிரலை வைத்து மேலே இழுத்தால் நம் ஆள் குனிந்து வணக்கம் வைப்பான். ஆட்டம் தொடங்குமுன் அவள் வைப்பாள், பதிலுக்கு நானும் வைப்பேன்.

அவள் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, சமையலறை திசை தப்பு என்று பந்தியில் நாலு பேர் காதுபடச் சொல்லித் தொலைத்தேன். எனக்கு வாஸ்து தெரியாது, வாய் மட்டும்தான் உண்டு. அன்றோடு பேச்சு நின்றுபோனது. ஆட்டம் நிற்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆடினோம். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவனுக்கு அந்த வணக்கம் ரொம்ப வசதி. ஒன்றுக்கு மூன்றாக வைப்பேன்.

அதனால்தான் என் டச்பேடு தேய்ந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசை. முறுக்கு தின்ற கையோடு ஆடியதும் ஒரு காரணம். லேசாகச் சொரசொரவென்று இருந்த பரப்பு நடுவில் மட்டும் என் தலையைப் போல வழுக்கையாகிப் பளபளத்தது. பிறகு மூன்று தடவை இழுத்தால் ஒரு தடவைதான் என் ஆள் குனிந்தான். வேறு வழியில்லாமல் புதிதாக வெளிவந்த கன்ட்ரோலரை வாங்கினேன்.

அதில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். டச்பேடு அகலமாகி, இரண்டு ஓரத்திலும் விளக்கு எரிந்தது. விரல் வழுக்காமல் இருக்க மேற்பரப்பில் பொடிப்பொடியாக மேடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எத்தனை நுணுக்கமான வேலை! இதையும் தேயவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முடிவுசெய்தேன். டிவி ரிமோட்டை வாங்கிய கவரோடு பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கும் வீடு எங்களுடையது. போதாக்குறைக்கு, புத்தகத்துக்கு அட்டை போட்டே பழகிய கை. கெட்டியான பிளாஸ்டிக் தாளை அளவாக வெட்டி, இரண்டு மடிப்பாக மடித்து, டச்பேடு மேல் ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வழக்கம்போலச் சிரித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் தங்கை வணக்கம் வைப்பாள், நானும் விரலை இழுப்பேன். திரையில் என் ஆள் மரம் மாதிரி நின்றான். அதைப் பார்க்கவும் செய்தேன். இங்கே நெட் மெதுவாக இருக்கிறது, அரியலூரில் தெரிந்திருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நான்காவது வாரம் அவள் வணக்கம் வைக்கவில்லை. ஐந்தாவது வாரம் ஆட்டத்துக்கே வரவில்லை. திமிரைப் பார் என்று கோபப்பட்டேன்.

அன்று சாயங்காலம் நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து சொன்னாள்.

"உங்க தங்கச்சி போன் பண்ணுச்சு. செட்டிகுளம் கோயில்ல பாப்பாவுக்குக் காது குத்துறாங்களாம். உங்க பெரியப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்திக்கிறேங்குது. வணக்கம் வெச்சாக்கூட அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிறாராம்."

கூடப் பிறந்த தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியா?

"நான் வாராவாரம் வெச்சேனே" என்றேன்.

மனைவி கன்ட்ரோலரை எடுத்து நகத்தால் பிளாஸ்டிக்கை உரித்தாள். விரலை ஒரு இழுப்பு இழுத்தாள். என் ஆள் இடுப்பை வளைத்துக் குனிந்தான்.

"இம்மாம் மொத்தமா ஒட்டுனா அதுக்கு எப்புடிங்க தெரியும்?" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்த பஸ்ஸில் அரியலூர் போனேன். தங்கை கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. வேறு யாராவது என்றால் பூ, பழம் கொண்டுபோயிருப்பார்கள். நான் பிளாஸ்டிக் துண்டை நீட்டினேன்.

"இதாம்மா தடுத்துடுச்சு. நான் வணக்கம் வெச்சேன். உனக்கு வந்து சேரல."

அவள் அதைத் தொடவில்லை.

"ஏண்ணே, பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். நேர்ல வந்து ஒரு வார்த்த பேசுறதுக்கு எது தடுத்துச்சு?"

"உன் அடுப்படியில ஒரு கொறையும் இல்ல. எனக்கு நாக்குல சனி. தப்புதான்" என்றேன். இந்த வரியைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவள் வழியை விட்டு விலகி நின்றாள்.

"பெரியப்பா மகன்கிட்ட நான் இன்னும் சொல்லல. நீ வருவியான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

உள்ளே போய் உட்கார்ந்தேன். அவளுடைய ஐந்து வயது மகள் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பாப்பா என் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்.

"காது குத்தப் போறது எனக்குத்தானேம்மா? மாமா எதுக்கு அழுவுறாரு?"