பராகுவே கொடியின் பின்பக்கம்

விரல் நுனியில் ஒட்டிய அந்தச் செந்தூளை நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. ஓரிரு கணம் கழித்துக் கன்னங்கள் உள்வாங்கி, ஈறுகள் இறுகி, நாக்கு நம்முடையதல்லாத ஏதோ ஒரு பொருள்போல வாய்க்குள் கிடக்கும். கடுக்காயைக் கடித்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பின் தொடக்கம் தெரிந்திருக்கலாம்; முடிவு தெரிந்திருக்காது. அக்காவும் நானும் பந்தயம் கட்டி அதை நக்குவோம். முதலில் முகத்தைச் சுளிப்பவர் தோற்றவர் என்பது விதி. எல்லா முறையும் நான்தான் தோற்றேன்.

தூள் எங்கள் வீட்டுக்கு வந்த வழி எளியது. ஆம்பூரில் ஒரு "டேனரி"யில், தோல்கள் ஊறும் தொட்டிகளுக்குள் இறங்கி அவற்றைப் புரட்டிப்போடும் வேலை நைனாவுக்கு. அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். தோலைப் பதப்படுத்த உள்ளூர் ஆவாரம்பட்டையோடும் கடுக்காயோடும், கப்பலில் வந்திறங்கும் ஒரு மரச்சாற்றுத் தூளையும் அங்கே கலந்தார்கள். அது தீர்ந்தபின் மிஞ்சும் சணல் சாக்குகளை மேஸ்திரி காதர் பாய் தொழிலாளிகளுக்குக் கொடுத்துவிடுவார். எங்கள் ஒற்றை அறையில் ஒரு சாக்கு வாசல் திரையாயிற்று. பிரித்துத் தைத்த இரண்டு, அக்காவுக்கும் எனக்கும் படுக்கையாயின. எத்தனை முறை உதறினாலும் தூள் முழுதும் போகாது. மழைக்காலத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து முதுகெல்லாம் செங்கல் நிறமேற, பள்ளியில் எங்களுக்கு "செவப்பு முதுகு" என்று பெயர் விழுந்தது.

சாக்கின் நடுவில் கறுப்பு மையில், பெரிய ஆங்கில எழுத்துகளில், ஒரு நாட்டின் பெயர் குத்தியிருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல் அதுதான்: பராகுவே.

பராகுவே தென் அமெரிக்காவின் நடுவில் அமைந்த, கடற்கரையற்ற நாடு. அதே பெயருள்ள ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடி நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே செம்மண்ணும் மழையும் வயல்களும். மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்வது அங்கேதான். மேற்கே சாக்கோ எனப்படும், வெயில் தகிக்கும் முட்காட்டுச் சமவெளி. கோடரியை முறிக்கும் மரம் என்று பெயர்பெற்ற, இரும்புபோல் இறுகிய ஒரு மரம் அங்கே வளர்கிறது. அதன் வயிரம்பாய்ந்த நடுக்கட்டையை வேகவைத்து எடுத்த சாற்றின் தூள்தான் எங்கள் படுக்கையில் உதிர்ந்துகொண்டிருந்தது. தலைநகர் அசுன்சியோன் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆண்டவர்களின் ஸ்பானிய மொழியும் மண்ணின் குவாரனி மொழியும் அந்நாட்டில் அருகருகே வழங்குகின்றன. ஒருவகை மூலிகை இலையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, ஒரே குவளையைக் கைமாற்றிக் குடிப்பது அவர்களது அன்றாட வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று அண்டை நாடுகளோடு நிகழ்ந்த போரில் ஆண்களில் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சிய பெண்கள் நிலத்தை உழுது நாட்டை மீட்டெடுத்தனர்.

மேலே உள்ள பத்தியை, எங்கள் படுக்கையைப் பற்றிய வரி நீங்கலாக, இந்த ஆண்டு ஒரு சிறுவர் கலைக்களஞ்சியத்துக்காக எழுதினேன். புவியியல் பேராசிரியனாக முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். ஆனால் அதில் உள்ள செய்திகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் எனக்கு முன்பே ஒருத்தி எழுதிவிட்டாள். அவள் என் அக்கா எஸ்தர். என்னைவிட ஒரு வயது மூத்தவள். எழுதியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அந்த ஆண்டு, தோல் தொழிலாளர் பிள்ளைகளில் ஒருவரை வேலூரில் விடுதியில் தங்கவைத்து, பள்ளி இறுதிவரை படிக்கவைப்பதாக ஓர் அறக்கட்டளை அறிவித்தது. ஏதேனும் ஓர் அயல்நாட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்; ஒரு குடும்பத்துக்கு ஒரு மனுதான். ஏழாம் வகுப்பில் இருந்த எனக்கு அந்த அறிவிப்பு காதில் விழுந்ததாகவே நினைவில்லை. எட்டில் இருந்த அக்காவுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் கிளை நூலகத்துக்குப் போய், தையல் விட்டுப்போன ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை அகராதியின் துணையோடு வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுத்தாள். ஆறு ஞாயிறு ஆயிற்று.

புத்தகத்தில் இல்லாத இரண்டு செய்திகளை அவளே சேர்த்தாள். ஒன்று, பராகுவே ஆற்றின் நீர் சிவந்திருக்கும் என்பது. அந்த மரத்தின் தூள் எங்கள் ஊர்த் தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலையும் சிவப்பாக்குகிறது என்றால், மரமே நிற்கும் ஊரின் ஆறு வேறெப்படி இருக்கும் என்பது அவள் வாதம். டேனரி வாய்க்காலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மட்டுமே அப்படித் தோன்றும். மற்றொன்று, போரைப் பற்றிய பகுதியின் கடைசி வரி: "நாட்டை மீட்ட அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட இந்தப் புத்தகத்தில் இல்லை."

மனு அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது நைனா அவளைக் கூப்பிட்டார். தொட்டி வேலையில் முழங்கைவரை காய்ந்த இரத்தத்தின் நிறமேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எஸ்தரு, எழுதி வச்சிக்கீறத தம்பிகிட்ட குட்துடும்மா. அவன் பேர்ல போடலாம்."

"இன்னா நைனா, அவனுக்கு அந்த நாடு எங்க கீதுன்னே தெரியாது!"

"தெரிஞ்சிப்பான். நீ போய்ட்டா உங்கம்மாவுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும். பொம்பளப் புள்ளய வேலூர்ல தனியா வுட்டுட்டு நான் இங்க தூங்குறதா?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். "அக்காவே போகட்டும்" என்ற இரண்டு சொற்களைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை. வேலூர் விடுதியில் கட்டில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கட்டிலை.

அவள் தாள்களை என்னிடம் நீட்டினாள். "தப்பில்லாம பாத்து எழுது" என்றாள். அன்றிரவே என் கையெழுத்தில் படியெடுத்து, என் பெயரைப் போட்டேன். கடைசித் தாளில் அவள் பராகுவே கொடியை வரைந்திருந்தாள்: சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவில் இரு கிளைகளுக்கிடையே ஒரு நட்சத்திரம். அதே தாளைத் திருப்பினால் மறுபடியும் அதே மூன்று பட்டைகள். நடுவில் நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒரு சிங்கம். முதலில் தவறாக வரைந்துவிட்டுப் பின் சரியாக வரைந்திருக்கிறாள் என்று எண்ணி, நட்சத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவளைக் கேட்டிருக்கலாம். பக்கத்துச் சாக்கில்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. ஒரு நாள் கூலியை இழக்க முடியாததால், நைனா அக்காவைத் துணைக்கு அனுப்பினார். வேலூரில் ஒரு பழைய கட்டடத்தின் கூடத்தில், மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் பின்னால், சுவரோரப் பெஞ்சில் அக்காவை உட்காரச் சொன்னார்கள். கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கனிவானவர்.

"ஏம்பா, பராகுவே ஆத்துத் தண்ணி செவப்பா இருக்கும்னு எழுதியிருக்கியே, எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"எதுலயும் போடல சார். நானே யோசிச்சேன்."

அவர்கள் மூவரும் சிரித்தார்கள். "தப்போ சரியோ, யோசிச்சிருக்கான் பாருங்க" என்றார் ஒருவர். அக்கா அந்தச் சிரிப்புக்குப் பின்னால், கைகளை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலைமையாசிரியர் கடைசித் தாளை எடுத்தார். "கொடி நல்லா வந்திருக்கு. ஆனா இந்தக் கொடிக்கு ஒரு விசேஷம் உண்டே. மத்த நாட்டுக் கொடிங்கள்ல பாக்க முடியாதது. இன்னான்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. "அவசரமில்ல, யோசி" என்றார் அவர். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது அக்கா தன் வலக்கையை முழங்காலின்மேல் விரித்து வைத்தாள். உள்ளங்கை தெரிந்தது. மெல்ல அதைத் திருப்பினாள், புறங்கை தெரிந்தது. மறுபடி உள்ளங்கை, மறுபடி புறங்கை.

"பின்பக்கம் வேற சார்" என்றேன். "முன்னால நட்சத்திரம். பின்னால சிங்கம்."

தலைமையாசிரியர் மற்ற இருவரையும் பார்த்துத் தலையசைத்தார். இடம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று அந்தக் கணமே தெரிந்தது. தன்னிடமிருந்து பறிக்கப்பட்டதை அவள் அந்த ஒரு கையால் எனக்கே எடுத்துக் கொடுத்தாள் என்பது தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

திரும்பும் பேருந்தில் அவள் கேட்டாள்: "சிங்கத்த ஏன்டா வுட்டுட்ட?"

"நீ தப்பா வரஞ்சிட்டன்னு நெனச்சேன்."

"நானு? தப்பா?" சிரித்தாள். "ஆறு செவப்புன்னு நீயே யோசிச்சியா? எப்ப யோசிச்ச தொர, குறட்ட வுடும்போதா?"

நானும் சிரித்தேன். பிறகு அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளிகொண்டா தாண்டி, குடியாத்தம் போகும் சாலை பிரியும் இடம் தாண்டி, ஆம்பூர் வரும்வரை திரும்பவில்லை.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பை முடித்து, தோலின் ஓரங்களை வெட்டும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னர் காலணித் தொழிற்சாலைகள் பெருகியபோது "பஃபிங்" பிரிவுக்குப் போனாள். சுழலும் உருளையில் தோலை வைத்துத் தேய்த்து மெருகேற்றும் வேலை. தேய்ந்த தோல் தூளாகிக் காற்றில் நிற்கும். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு ஆண்டுகள் அந்தக் காற்றில் நின்றாள். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டார். இரண்டு பெண்களையும் பட்டம்வரை படிக்கவைத்தாள். அவர்களுக்கு விடுதியில் இடம் கேட்கும்போதெல்லாம் தானே உடன் போனாள்; பெஞ்சில் உட்காராமல் மேசையருகில் நின்றாள் என்று மூத்தவள் சொல்லியிருக்கிறாள்.

ஆய்வுக்காக நான் ஆறுகளைப் பற்றிப் படித்த காலத்தில் ஒன்று கண்டேன். தலைநகருக்குத் தெற்கே, மேற்கிலிருந்து வந்து கலக்கும் ஒரு துணையாறு செவ்வண்டலைச் சுமந்துவருவதால், அதற்குக் கீழே பராகுவே ஆறு உண்மையாகவே சிவந்து ஓடுகிறது. காரணம் மரமல்ல, மண். ஆனால் நிறம் அவள் சொன்ன நிறம். அடுத்தமுறை ஊருக்குப் போனபோது அவளிடம் சொன்னேன். கைக்குட்டையை உதறிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப மார்க்கு யாருக்குடா? எனக்கா, உனக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் சிரித்து மழுப்பி, டீ கேட்டேன். அவள் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை அதற்குப் பிறகும் எந்த நாளும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் வயதாயிற்று.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவளை வேலூரில் மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரல் பெரும்பகுதி இறுகிவிட்டது, பழைய தூசு என்றார் மருத்துவர். முகத்தில் பிராணவாயு மூடி இருந்ததால் பேச முடியவில்லை. பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில், வேறு பேச்சு எதுவும் தோன்றாமல் சொன்னேன்: "அக்கா, புள்ளைங்க படிக்கிற ஒரு கலைக்களஞ்சியத்துக்கு பராகுவே பத்தி எழுதச் சொல்லிக்கீறாங்க. என்னப் போய்க் கேக்குறாங்க பாரு."

அவள் கண்களைத் திறந்தாள். போர்வையிலிருந்து வலக்கையை எடுத்து விரித்தாள். ஊசி குத்திய புறங்கை வீங்கியிருந்தது. மெல்ல அதைத் திருப்பிக் காட்டினாள். அது கேலியா, நினைவூட்டலா, கணக்குத் தீர்ந்தது என்ற பொருளா என்று கேட்க இன்னொரு பார்வையாளர் நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் விடியுமுன் போய்விட்டாள். ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில், நைனாவுக்கும் அம்மாவுக்கும் அருகில் அடக்கம் செய்தோம்.

அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் பழைய டேனரி இருந்த தெருவழியாக நடந்தேன். அந்த இடத்தில் ஒரு திருமண மண்டபம் நிற்கிறது. அந்தச் செந்தூளைச் சாக்கில் பார்த்த ஆளைத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. இப்போது பெரும்பாலும் குரோமியம் போட்டுப் பதனிடுகிறார்கள். ஈரத் தோல் நீலமாக வெளிவருகிறது. பாலாறு பெரும்பாலான மாதங்கள் மணலாகக் கிடக்கிறது. பராகுவேயிலும் அந்த முட்காட்டைப் பெருமளவு அழித்து மாட்டுப் பண்ணைகள் ஆக்கிவிட்டார்கள். நாட்டை மீட்ட பெண்களின் பெயர்களைத் தேடி நானும் சில புத்தகங்களைப் புரட்டினேன். சிலவே கிடைத்தன.

கலைக்களஞ்சியத்துக்குக் கொடியின் இரு பக்கங்களையும் வரைந்து அனுப்பினேன். எழுதியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் குறித்திருந்தேன். பதிப்பாசிரியரான இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார், மரியாதையானவர்.

"சார், எஸ்தர் மேடம் எந்த யூனிவர்சிட்டி?"

"எட்டாம் வகுப்பு" என்றேன். "ஆம்பூர்."

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

சென்ற வாரம் அச்சுப்படி வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் பட்டங்களோடு என் பெயர் மட்டும் இருந்தது. கொடிக்கு ஒரு படம்தான், நட்சத்திரம். ஒரு நாட்டுக்கு ஒரு கொடிப் படம், ஒரு பெயர் என்பதே இத்தொகுதி முழுவதற்குமான அளவு என்றும், வருந்துவதாகவும் இணைப்புக் கடிதம் சொல்லியது. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நான் பன்னிரண்டு வயதில் செய்ததற்குமேல் அவர்கள் எதுவும் செய்துவிடவில்லை.

அச்சுப்படித் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.