நான் கட்டிவிட்ட அம்மன் கதை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஜீப்பில் வந்த வேப்பிலைக் கட்டைப் பிரித்ததும் எனக்குத் தும்மல் வந்தது. எங்கள் குளிருக்கு வேப்பமரம் வளராது. மாரியம்மன் திருவிழா என்றால் வேப்பிலையும் மலையேறித்தான் வர வேண்டும். தும்மி முடிப்பதற்குள் மைக்கில் பையன் கோயில் கதையைத் தொடங்கிவிட்டான். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, தேனெடுக்க வந்த வேடன் கனவுல அம்மன் தோன்றி, இதே எடத்துல சுயம்புவா..." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன், சொந்தச் சரக்காயிற்றே. அந்த வேடனைப் பெற்றவளே நான்தான். பத்தொன்பது வயதில், ஒரே மூச்சில்.

வேப்பிலை வாசம் என்றால் எனக்கு இலங்கையில் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமும், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்த லெட்சுமி அக்காவும்தான். அவளுடைய ஆறு வயது மகள் செல்விக்கு அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகிய ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டது. அப்படிப் போன பிள்ளையை அம்மனே எடுத்துக்கொண்டாள் என்பார்கள் எங்கள் ஆட்கள். புதைத்த இடத்தில் வைத்த கல்லை அம்மனாகவே கும்பிடுவார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறியபோது பாத்திரம் பண்டத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, அக்கா அந்தக் கல்லை எடுத்துக்கொண்டாள். சுங்கச் சோதனையில் கேட்டதற்கு "அம்மிக் கொழவிங்க ஐயா" என்றாள். அசராத மனுஷி.

மண்டபம் முகாமில் கிடந்து, குன்னூருக்கு மேலே காடு வெட்டித் தேயிலை நட்ட புதுத் தோட்டத்துக்கு வந்தோம். லயத்துக் கோடியில் கல்லை நட்டு மஞ்சள் பூசினாள். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் கும்பிட்டோம். மறு வருஷம் ரோடு போட வந்த கோயம்புத்தூர்க்கார சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டுக் கடப்பாறை கொண்டுவரச் சொன்னார்.

"நேத்து கொண்டாந்து நட்ட கல்லுக்கெல்லாம் ரோட்ட வளைக்க முடியாதுங்க. ஆரு வெச்சது இது?"

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திரிக்கொட்டை. "யாரும் வைக்கலங்க. காடு வெட்டுறப்பவே இருந்துச்சு" என்று ஆரம்பித்து வேடன், தேன், கனவு என்று அவிழ்த்துவிட்டேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டார். ஆனாலும் விவரமானவர், அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா, மஞ்சப் பூசறது நீதான? உம்பட கல்லு இல்லையே இது?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள்.

"எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

ரோடு வளைந்தது. இன்றும் பஸ் அங்கே திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்? ஆனால் அக்காவின் அந்தக் குரலை நினைத்தால் கர்வம் இறங்கிவிடும். அதுவரை மழை நாளில் "செல்வி, நனையிறியாடி" என்று கேட்டுக் கல்லுக்குச் சாக்குப் போர்த்துவாள். அன்றோடு அதை விட்டாள். ஊரோடு ஊராக வரிசையில் நின்று கும்பிட்டாள், சாகும்வரை.

அவள் போன பிறகு கோயில் கமிட்டியில் ஒருமுறை உண்மையைச் சொல்லப் பார்த்தேன். "சும்மா இருங்க பெரியம்மா, சுயம்புன்னாத்தான் சனம் வரும்" என்றான் மைக் பையன். அவனை என்ன சொல்ல? அன்றைக்கு நானும் அதே புத்தியில்தான் பேசினேன்.

லயத்தை இடித்தாயிற்று. கப்பலில் கூட வந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். கல்லுக்கு வெள்ளிக் கவசம் வந்துவிட்டது. ஐயர் நூற்றெட்டுப் பெயர் சொல்லி அர்ச்சனை செய்கிறார். எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுவிட்டேன், செல்வி என்று ஒரு பெயர் அதில் இல்லை.