மண்டூரில் பழைய காஸை நிறுக்கப் போன நாள்

காலை 6.10. மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து கல்முனை பஸ் புறப்பட்டபோது என் பக்கத்து இருக்கையில் ஆளுக்குப் பதிலாக ஒரு மெசின் இருந்தது. நீல நிறம், பன்னிரண்டு கிலோ எடை. என் கால்மாட்டில் காலியான இரும்புச் சிலிண்டர் ஒன்று, அதன்மேல் ஒரு மின்தராசு. இவற்றை இழுத்துச் செல்லும் சில்லு வண்டியை மடித்து மடியில் வைத்திருந்தேன்.

"இது ஆர்ர சாமான்?" என்றார் கண்டக்டர்.

"என்ர."

"கூட ஒருத்தரும் வரல்லையா?" என்று எனக்குப் பின்னால் பார்த்தார். ஒருவரும் இல்லை. "அப்ப ரெண்டு டிக்கற் எடுங்க தங்கச்சி. இவரும் ஆள் மாதிரித்தானே குந்தியிரிக்கார்."

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஏறத்தாழ இருபத்தெட்டுக் கிலோமீற்றர். ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய். மெசினுக்கும் அதே விலை.

வாகனத்தின் ஏசிக்குள் ஓடும் காஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சிலிண்டருக்குள் சேர்ப்பதுதான் இந்த மெசினின் வேலை. அந்தக் காஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றில் கலந்தால், அதே எடையுள்ள காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். அப்படியிருந்தும் எங்கள் பக்கத்தில் ஏசி திருத்துகிறவர்கள் முதலில் செய்வது, பழைய காஸைத் திறந்து விடுவதுதான்.

நான் உதவிப் போதனாசிரியராக இருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்படி ஒரேயொரு மெசின் இருந்தது. அலுமாரிக்குள் பூட்டியபடி கிடந்தது. வெளியில் ஒரு கராஜாவது இதை வைத்து வேலை செய்ய ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடப் போவதாக எங்கள் பொறுப்பாளர் சொன்னார். நான் கராஜ் கராஜாகத் தொலைபேசி எடுத்தேன். "கொண்டு வந்து காட்டுங்க பார்ப்பம்" என்று சொன்னவர் மண்டூர் யோகன் பாஸ் என்ற மெக்கானிக் ஒருவர்தான். மண்டூர் முருகன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வாடகை வான்காரர்கள் எல்லாரும் ஏசிக்குக் காஸ் அடித்துக்கொள்ளும் காலம் அது. நல்ல தருணம் என்று நினைத்தேன்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது வாவி வெளுத்துக் கிடந்தது. ஆரையம்பதி, கிரான்குளம், செட்டிபாளையம் என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடாமல் முடித்தவள் நான்தான். பயிற்சி நிலையத்தில் தந்த சட்டையின் பையின்மேல் என் பெயரை நூலால் தைத்திருக்கிறார்கள். அன்று அதிகாலை சித்தாண்டியில் நான் சில்லு வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கியபோது அம்மா கேட்டா, "காத்தைப் புடிக்கிறதுக்கா புள்ள இவ்வளவு படிச்ச நீ?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டா. பஸ் வந்துவிட்டதால் நான் விளக்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்து அந்த விளக்கத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் மெசின் கேட்டுக்கொண்டிருந்தது.

7.20க்குக் குருமண்வெளிச் சந்தியில் இறங்கினேன். துறைக்கு ஆட்டோ இருநூறு ரூபாய்.

குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே வாவி. இந்தப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. அந்தப் பக்கம் படுவான்கரை, அது படும் கரை. பாலம் வரப்போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் போன அன்று பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. பாதை என்று இங்கே சொல்வது, வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு எஞ்சினால் ஓடும் தட்டையான மிதவையை. பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டியோடு ஒருவர், வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள், நடுவில் ஒரு சாம்பல் நிற வான். வானின் கண்ணாடிகள் மூடியிருந்தன, எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

பாதைக்காரர் வானின் பொனட்டில் கையால் தட்டினார். "டேய் சுதன், எஞ்சினை நிப்பாட்டு!"

கண்ணாடி பாதி இறங்கியது. "உள்ளுக்க அவியுது மாமா. ஏசி போட்டும் அவியுது."

"மறுகா என்னத்துக்கு அதைப் போட்ட நீ? கதவைத் திற. வாவிக்காத்து சும்மாதானே வருது, அதுக்கு டீசல் ஊத்தத் தேவையில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். சுதன் எஞ்சினை நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். முப்பது வயது இருக்கும். என் சாமான்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, ஐஸ்கிறீம் மெசினா?"

சொன்னேன். அவரும் யோகன் பாஸிடம்தான் காஸ் மாற்றப் போய்க்கொண்டிருந்தார். "அப்ப ஏறுங்க. இதை இழுத்துக்கொண்டு போனா உங்களையும் கழட்டிப் பூட்ட வேண்டி வரும்."

மறுகரையில் இறங்கி வான் தெருவில் வேகமெடுத்தபோது ஏசிக் காற்று கொஞ்சம் குளிர்ந்தது. மாடுகள் குறுக்கே வந்து வான் நின்றபோது மறுபடி சூடானது. இதை மனதில் குறித்துக்கொண்டேன். சிறுபோக அறுவடை முடிந்துகொண்டிருந்த நேரம். வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், அறுவடை மெசின்கள் புகை போல் தூசி கிளப்பின. தெருவின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மறு பாதியில் வாகனங்கள் போக, பதர் எழும்பிக் கண்ணாடியில் ஒட்டியது.

8.15. யோகன் பாஸின் கராஜ் ஒரு மருத மரத்தடியில் தகரக் கூரையோடு இருந்தது. கறுத்து உயர்ந்த மனிதர். கையில் ஸ்பானர். சுதனைத் தாண்டி, என்னைத் தாண்டி, தெருவைப் பார்த்தார்.

"மெசினோட ஒரு ஆளை அனுப்புறம் எண்டாங்களே?"

"நான்தான் அந்த ஆள்."

"ஓ." ஸ்பானரை மற்றக் கைக்கு மாற்றினார். "இரிங்க மிஸ். இவன்ர காஸைத் திறந்து விட்டுட்டு வாறன்."

"அதைத்தான் திறக்க வேணாம் எண்டு சொல்ல வந்த நான்."

அவர் ஏற்கெனவே கழுத்தில் கிடந்த லேஞ்சியை எடுத்து வாயைக் கட்டிவிட்டார். இங்குள்ள முருகன் கோயிலில் பூசை செய்கிறவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, பேசாமல்தான் பூசை செய்வார்கள். "மண்டூரில எல்லாம் வாயக் கட்டித்தான் மிஸ்," என்றார் துணிக்குள்ளிருந்து.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சுதன் வந்து வால்வுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக் குந்தினார். பின்னால் ஒரு வெள்ளை வான் நின்றது. அதன் சொந்தக்காரர், எல்லாரும் போடியார் என்று கூப்பிடும் நிலக்காரர், அவரும் வந்து குனிந்தார்.

"என்னத்துக்கு எல்லாரும் குந்துறீங்க?"

"சத்தம் கேக்கத்தான்," என்றார் சுதன். "உஸ் எண்டு நல்லா நேரம் போகோணும். அப்பதான் பழசு முழுக்கப் போயிட்டு எண்டு தெரியும்."

"திருவிழாவுக்குப் போற வான். உள்ளுக்க பழசு கிடக்கலாமா?" என்றார் போடியார். திருவிழாவுக்கு முன் வீடு கழுவுவது போல, பானை மாற்றுவது போல, இதையும் ஒரு வழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

யோகன் பாஸ் துணியை இறக்கினார். "விளங்குதா மிஸ்? உங்கட மெசின் சத்தமில்லாம உறிஞ்சும். சனம் என்ன சொல்லும்? யோகன் காஸை மாத்தாமலே மாத்தினன் எண்டு சொல்றான் எண்டுதான். எனக்குச் சத்தம்தான் ரசீது."

பயிற்சி நிலையத்தில் பூமி வெப்பமாவதைப் பற்றிப் படங்களோடு விளக்குவேன். அங்கே நின்றபோது அந்தப் படங்கள் ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. கராஜில் என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நான் தராசைத் தரையில் வைத்தேன்.

"சத்தத்தில அளவு தெரியாது. இதில தெரியும். வானுக்குள்ள இரிக்கிற காஸ் எல்லாம் இந்தச் சிலிண்டருக்குள்ள வரும். எத்தினை கிராம் எண்டு நீங்களே பாருங்க."

போடியார் சிரித்தார். "போன கிழமை நெல் வாங்க வந்தவனும் இப்பிடித்தான் ஒரு தராசைக் கொண்டாந்தான். மூட்டைக்கு ஒரு கிலோ தின்றிச்சு அது."

"அப்ப சோதிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். பிறகு தானே தெருவைக் கடந்து கடைக்குப் போய் ஒரு கிலோ சீனிப் பக்கற் வாங்கி வந்து, தராசில் தொப்பென்று வைத்தார். 1.004 என்று காட்டியது.

"நாலு கிராம் கூடக் காட்டுதே!"

"அது பக்கற்றுக்க," என்றார் சுதன். "பொலித்தீனையும் தின்னப் போறீங்களா?"

போடியார் பக்கற்றைத் திருப்பி வைத்தார். ஒரு மூலையில் வைத்தார். அதே 1.004. "சரி, தொடங்கு மகள்," என்றார்.

குழாய்களைப் பூட்டினேன். மெசின் மெதுவாக முனகியது. சிலிண்டர் தராசின்மேல் நின்றது. சிலிண்டரின் எடையைக் கழித்துப் பூச்சியத்தில் வைத்திருந்த இலக்கம் ஏறத் தொடங்கியது. ஐம்பது, நூற்று இருபது, இருநூறு. மூன்று தலைகள் தராசின்மேல் குனிந்தன, நெல் நிறுக்கும்போது நிற்பது போலவே. யோகன் பாஸும் வந்து நின்றார்.

எண்ணூற்று அறுபதில் நின்றது. பொனட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். இந்த வானுக்குத் தொளாயிரத்து ஐம்பது கிராம் வேண்டும்.

"அப்ப தொண்ணூறு கிராம்தானா குறைஞ்சிரிக்கி?" என்றார் சுதன். "மறுகா என்னத்துக்கு அவிஞ்ச?"

வானின் முன்பக்க வலையைக் கழற்றினேன். உள்ளே கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே நெல் பதர் பாய் பின்னியது போல் அடைந்திருந்தது. சூட்டை வெளியே தள்ள வேண்டிய இடம் அதுதான். வான் ஓடும்போது கொஞ்சமாவது காற்றுப் புகும், நின்றால் அதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயை எடுத்துப் பின்னிருந்து முன்னாக மெதுவாக அடித்தேன். பதர் கட்டிகட்டியாக விழுந்தது. மூடி தொலைந்திருந்த ஒரு வால்வுக்கு மூடி போட்டேன். யோகன் பாஸின் பம்பினால் உள்ளே இருந்த காற்றை இழுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணூற்று அறுபதைத் திரும்ப ஏற்றி, தொண்ணூறு மட்டும் புதிதாகச் சேர்த்தோம்.

சுதன் வானுக்குள் ஏறி எஞ்சினைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, போர்வை ஒண்டு தாங்க," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், யோகன் பாஸைத் தவிர. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கன். பதரைக் கழுவினாப் போதும் எண்டா நான் ஆருக்குக் காஸ் விக்கிற?"

நியாயமான கேள்வி. "கழுவுறதுக்கும் நிறுக்கிறதுக்கும் கூலி எடுங்க. குறைஞ்ச அளவுக்கு மட்டும் காஸ் வில்லுங்க. இவ்வளவு நாளும் விலைக்கு வாங்கின சாமானை நீங்களே உஸ் எண்டு விட்டிட்டு இருந்தீங்க."

அவர் கீழே விழுந்து கிடந்த பதரைக் காலால் ஒதுக்கினார். திரும்பிப் போகத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக் குழாய்களைச் சுற்றத் தொடங்கினேன். அப்போது போடியார் வெள்ளை வானின் பொனட்டைத் தூக்கிவிட்டுக் கத்தினார்.

"டேய் யோகன்! என்ரையும் நிறுத்துக் காட்டு! இவ்வளவு நாளும் என்ர எத்தினை கிராமைக் காத்தில விட்ட நீ எண்டு பாப்பம்!"

யோகன் பாஸ் லேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். பிறகு தானே குனிந்து குழாயை எடுத்தார். "இதை எந்தப் பக்கம் பூட்டுற?"

தராசைச் சோதித்த சீனியில் எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டி வந்தது. வெள்ளை வானை அவரே செய்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது வானுக்கு நான் நிற்கவும் தேவைப்படவில்லை. சிலிண்டரை எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, வேறு காஸ் கலந்த வாகனத்தில் பூட்டக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் தலையாட்டினார்.

"திருவிழா முடியுமட்டும் இஞ்ச கிடக்கட்டும்," என்றார். "பிறகு தேவையெண்டா இன்னும் கிடக்கட்டும். உங்கட பொறுப்பாளருக்கு நான் சொல்றன். நீங்க வெயிலுக்க நிக்காமப் போங்க மிஸ்."

வந்த காரியம் முடிந்தது. அலுமாரியிலிருந்து வெளியே வந்த மெசின் மாவட்டத்தை விட்டுப் போகாது. மகிழ்ந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் இன்னும் ஒள்ளுப்பம் நேரம் நிற்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் நான்காவது வானின் தராசில் குனிந்திருந்தார்கள்.

மாலை 3.30. பாதையில் மடித்த சில்லு வண்டியோடு நின்றேன். சுதனுக்கு வேறு வாடகை கிடைத்துவிட்டது. வாவி நடுவில் காற்று நன்றாக வந்தது. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"காத்தைப் புடிச்சிட்டியா?"

"ஓம் அம்மா. எண்ணூத்தி அறுபது கிராம்."

"நல்லது மகள். மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

எண்ணூற்று அறுபது என்றால் என்னவென்று அறிந்த ஒருவரிடம் அதைச் சொல்ல ஆசையாக இருந்தது. அறிந்தவர்கள் எல்லாரும் படுவான்கரையில் நின்றார்கள். பஸ்ஸில் ஒரு டிக்கற்தான் எடுத்தேன். பக்கத்து இருக்கை மட்டக்களப்பு வரை வெறுமையாகவே வந்தது.

மட்டக்களப்பில் பஸ் மாறி, சித்தாண்டியில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் ஊரிலும் முருகன் கோயில் இருக்கிறது, சுற்றிலும் வயல் இருக்கிறது, வாடகை வான்கள் இருக்கின்றன. சந்திக் கராஜிலிருந்து சத்தம் வந்தது. உஸ் என்று, நல்லா நேரம்.

ஒரேயொரு மெசின் வாவிக்கு அப்பால் இருந்தது. என் கையில் மடித்த வண்டி மட்டும். தெருவைக் கடக்குமுன் சத்தம் அடங்கிவிட்டது. அந்த வானுக்குப் பின்னால் இன்னொரு வான் நின்றது. அதன் முன்வலையில் பதர் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

கராஜ்காரர் நிமிர்ந்து, எனக்குப் பின்னால் பார்த்தார். "ஆரோட வந்த நீங்க?"

"தனியத்தான்," என்றேன். "அண்ணன், இந்த வானைத் திறக்க முதல், உங்கட தண்ணிக் குழாயை ஒருக்காத் தாறீங்களா?"