வால்வெள்ளி தெரியாத சன்னல்

எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் வாசகர் வட்டம் ரோணியோவில் அடித்து வெளியிட்ட சஞ்சிகையில் ‘இந்த மாத வானம்’ என்றொரு பத்தி எழுதி வந்தேன். வானத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இரண்டு: சூரியன், சந்திரன். மூன்றாவதாக ஒன்றைக் காட்டச் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவேன். மற்றதெல்லாம் நூலகத்தில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளின் உபயம். படித்தவர்கள் பாராட்டினார்கள். அவர்களும் வானத்தைப் பார்ப்பதில்லை.

பார்த்தவர் ஒருவர்தான்: என் தங்கச்சியின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அப்படிச் சாய்ந்தமருதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த கடற்காரர் அவர். இரவெல்லாம் தோணியில் இருந்துவிட்டு, விடிந்ததும் என் பத்தியோடு சண்டைக்கு வருவார்.

“மச்சான், விடிவெள்ளி எண்டு எழுதியிருந்தீங்களே, எங்க? கிழக்கப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து நொந்து போச்சு.”

“அது இப்ப அந்தியில மேற்க தெரியும்” என்றேன், அப்போதுதான் புரட்டிப் பார்த்துவிட்டு.

“வெள்ளி சரியான இடத்திலதான் நிக்குது. நீங்கதான் மாறி நிக்கிறீங்க.”

மார்ச் இதழுக்கு வால்வெள்ளி. எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருவது. ‘அதன் வால் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்’ என்று எழுதினேன். நான் பார்த்து எழுதிய பக்கம் அது போன தடவை வந்ததைப் பற்றியது என்பதைக் கவனிக்கவில்லை. என்னைக் காக்கா என்று கூப்பிடும் இருபத்திரண்டு வயதுத் தங்கச்சி அதை மூன்று தரம் வாசித்தாள்.

சோறு தின்றுகொண்டிருந்த மச்சான் சிரித்தார். “நாலு நாளா நான் பார்க்கிறன். சிலேட்டை எச்சில் தொட்டு அழிச்சா ஒரு மங்கல் நிக்குமே, அவ்வளவுதான். உங்கட காக்கா எழுதினது எங்கட வாப்பாட வாப்பா பார்த்த வெள்ளி.”

“அழிச்ச சிலேட்டையாவது எனக்குக் காட்டுங்களன்” என்றாள் அவள்.

“வெள்ளிக்கிழமை காட்டுறன்.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. வியாழன் இரவு கரையில்தான் இருப்பார்கள். வெள்ளி விடியுமுன், சுபஹுத் தொழுகைக்கு முன், வீட்டு வளவில் நின்று பார்ப்பதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள். செவ்வாய் அந்தியில் அவர் வழமைபோல் கடலுக்குப் போனார். புதன் காலை தோணி கவிழ்ந்து, கூடப் போனவர் மட்டும் கரைக்கு வந்தார். மச்சான் கடலில் தாழ்ந்ததைத் தன் கண்ணால் கண்டதாக வியாழன் பின்னேரம் பள்ளிவாசலில் சத்தியம் செய்தார். மையித்து கிடைக்கவில்லை.

அன்றைக்கே தங்கச்சியை இத்தாவில் இருத்த வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை மௌத்தானவள் நான்கு பிறைமாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது. அவள் அழவில்லை, மறுக்கவுமில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“நாளைக்குச் சுபஹுக்குப் பிறகு இருக்கட்டா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று உம்மா அவள் தலையைத் தடவினா. எனக்கு விளங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவளுடைய அறைச் சன்னல் கிழக்குப் பார்த்தது, கடற்பக்கம்; நின்று பார்த்தால் மதிலுக்கு மேலே வானம் தெரியும். “இத்தா இருக்கிறவள்மேல நிலா வெளிச்சமும் படக்கூடாது, அடைங்க” என்றா உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி. அது சாச்சியின் சட்டம். தன் வீட்டுச் சன்னலால் ஒரு பெண் வானத்தைப் பார்க்கக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் நான் வாசித்ததில்லை. வாசகர் வட்டத்தில் மூடநம்பிக்கை பற்றி ஒரு மணித்தியாலம் தண்ணீர் குடிக்காமல் பேசியவன் நான். வாப்பா இல்லாத வீட்டில் மூத்த ஆணும் நான். எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. “சுத்தியல் எங்க?” என்று கேட்டேன்.

தடித்த படுக்கைத் துப்பட்டி ஒன்றை நான்கு மூலையிலும் ஆணி வைத்து நானே அடித்தேன். ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் என்று பெயர் எடுத்திருந்த எனக்கு, அன்று ஒரு ஆணிகூட வளையவில்லை.

வெள்ளிக்கிழமை சுபஹுக்கு முன் கடற்கரைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடி, கடைசியில் தென்கிழக்கில் கண்டுபிடித்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்ட முதல் வெள்ளி. தேத்தண்ணீரோடு அவளிடம் போனேன்.

“இருக்கா காக்கா?”

“இருக்கு.”

“வால்?”

“அவர் சொன்னதுதான் சரி. அழிச்ச சிலேட்டு.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தேத்தண்ணீர் ஆறிப் போயிற்று.

அதன்பிறகு தினமும் போய்ப் பார்த்து வந்து சொன்னேன். வானத்தைப் பற்றி நான் ஒழுங்காக வேலை செய்தது அந்த இரண்டு கிழமைதான். பூரணை நிலாவில் வால்வெள்ளி கரைந்தது. நிலா தேய்ந்தபோது அது தெற்கே நகர்ந்துவிட்டிருந்தது; இனி துப்பட்டியைக் கழற்றினாலும் அந்தச் சன்னலில் தெரியாது. அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“திரும்ப எப்ப வரும்?”

“எழுபத்தாறு வருசம்.”

விரல் விட்டு எண்ணினாள். “எனக்குத் தொண்ணூற்றெட்டு. பரவாயில்ல காக்கா. அப்ப ஆணி அடிக்க நீங்க இருக்கமாட்டீங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரலுக்கு ‘இந்த மாத வானம்’ வரவில்லை. பிறகும் வரவில்லை. ஏனென்று எந்த வாசகரும் கேட்கவில்லை. ரமழான் பிறையும் பெருநாள் பிறையும் ஊரே தெருவில் நின்று பார்த்த பிறைகள். எங்கள் வீட்டில் அவை இத்தாவில் எத்தனை மாதம் கழிந்தது என்ற கணக்கு மட்டும்தான்.

ஜூலையில் இத்தா முடிந்தது. அவள் குளித்து, வேறு சேலை உடுத்து வந்து நின்றாள். நான் துப்பட்டியைக் கழற்றினேன். மேல் ஆணிகளைப் பிடுங்கக் குறடு தேவைப்பட்டது. கீழே இடது மூலை ஆணி, தொட்டதும் கையோடு வந்தது. அந்த மூலைத் துணி மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

முழங்காலில் நின்று, அந்த மூலை இருந்த இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

“என்ன காக்கா தெரியுது?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“பக்கத்து வீட்டு மதில்.”

“ஓம்” என்றாள். “நாலு மாதமும் அதுதான்.”